நிறைஞ்சிருக்குது

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடைகளின் வரிசை முடிகிற இடத்தில், என் ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு நாட்டு மருந்துக் கடை இருந்தது. அதை நடத்திய அம்மாவின் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "எழுதறதுக்கு வேற விஷயம் நிறைஞ்சிடுச்சாப்பா உனக்கு?" என்று கேட்பார். நிறைஞ்சிடுச்சா என்று அவர் கேட்டால், தீர்ந்துவிட்டதா என்று அர்த்தம். இந்த ஒரு அர்த்தத்தைப் புரிந்துகொள்ளாமல் ஊரில் பல பேர் பட்ட பாட்டையும் நான் பட்ட பாட்டையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வராது. பண்டிகை நாளில், வெள்ளிக்கிழமையில் என்றெல்லாம் கணக்கு கிடையாது. எந்த நாளும் வராது. வீட்டில் தெலுங்கு பேசுகிற வியாபாரக் குடும்பம் அவருடையது. அரிசி தீர்ந்துபோனால் அவர்கள் 'நிண்டுகுன்னாயி' என்பார்களாம், அதாவது நிறைந்துவிட்டது என்று. தமிழ் வீடுகளிலும் உப்புக்கும் அரிசிக்கும் இந்த மரியாதையைச் சிலர் தருவதுண்டு. ஆனால் அது அடுக்களையோடு நின்றுவிடும். இவர் அதைச் சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய், மாசிக்காய் என்று கடையில் கூரைவரை அடுக்கியிருந்த அத்தனை டப்பாவுக்கும் விரித்துவிட்டார். "வாய் சொல்றத கடை கேட்டுக்கினு இருக்கும்பா" என்பார் என்னிடம். "இல்ல, இல்லன்னு சொல்லிக்கினே இருந்தா, சரி போலன்னு அதுவும் நம்பிடும்." கடைக்குக் காது உண்டு என்று நம்புகிறவரிடம் என்ன வாதாட முடியும்?

எனக்கு இதில் என்ன வந்தது என்றால், அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அவளும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பினோம். அவளை முறையாகக் கேட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த வருஷங்களில் எனக்கு இருந்த ஒரே லட்சியம். 'இல்லை' என்றே சொல்லாத அம்மாவிடம் பெண் கேட்பது சுலபம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

கல்யாணப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், நாலு கடை ஏறி இறங்கிய களைப்பில் இந்தக் கடைக்கும் வருவார்கள். எட்டிப் பார்த்தால் போதும், எனக்கு அன்றைய பொழுது போய்விடும். ஒருநாள் ஒரு அம்மா கேட்டார்.

"வெட்டிவேர் இருக்கா?"

"நிறைஞ்சிருக்குதும்மா."

"அப்போ கால் கிலோ குடுங்க."

"அதான் நிறைஞ்சிருக்குதுன்னு சொல்றேனே."

"நிறைய இருந்தா குடுக்க வேண்டியதுதானே?"

"நிறைஞ்சிருக்கறத எப்படிம்மா குடுக்கறது?"

அந்த அம்மா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பாவம், காலையிலிருந்து புடவைப் பைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். "கோயிலுக்குன்னு எடுத்து வெச்சிருப்பாங்க, வா" என்று சொல்லி, கடையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் கடைக்காரம்மாவுக்கு மனசு கேட்காது. கேட்ட பொருள் தீர்ந்திருந்தால், கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு கட்டிக் கற்கண்டை எடுத்துக் கையில் வைப்பார். "வாயில போட்டுக்கினு போங்க, அடுத்த வாட்டி சரக்கு வந்திருக்கும்." இந்த விஷயம் வெளியே தெரிந்தபிறகு, எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் தினமும் காலையில் வந்து கோரோசனை கேட்க ஆரம்பித்தார். அந்தக் கடையில் கோரோசனை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது அவருக்கும் தெரியும், கடைக்காரம்மாவுக்கும் தெரியும். "நிறைஞ்சிருக்குது சார்" என்று அவர் சொல்ல, மாஸ்டர் கையை நீட்ட, கற்கண்டு கைமாறும். மாஸ்டரின் மனைவி ஒருநாள் நேரில் வந்து, "அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்குது, குடுக்காதீங்கம்மா" என்று கெஞ்சிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கற்கண்டுக்குப் பதில் ஒரு நெல்லிக்காய் வற்றல் கிடைத்தது. மாஸ்டர் அதை வாயில் போட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே, அடுத்த நாளும் வந்தார்.

போகப் போக இந்தப் பழக்கம் கடையைத் தாண்டிப் போனது. மின்சாரம் போனால், "கரண்ட் நிறைஞ்சிடுச்சு." செல்போனில் சிக்னல் விட்டுப் போனால், "நெட்வொர்க் நிறைஞ்சிடுச்சு, பொறு." ஒரு அரசாங்க விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்ப என்னிடம் வந்தார். நான் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன்.

"அக்கா, நாலு சக்கர வண்டி இருக்கா?"

"நிறைஞ்சிருக்குது."

"ஏசி?"

"நிறைஞ்சிருக்குது."

"வேற ஊர்ல நிலம், வீடு?"

"எல்லாம் நிறைஞ்சிருக்குதுப்பா, நீ போட்டுக்கினே வா."

அப்படியே போட்டிருந்தால் அடுத்த வாரமே வருமான வரிக்காரர்கள் ஜீப்பில் வந்திருப்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற வட்டத்தைத் தட்டினேன். அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ எங்க தட்டினன்னு நான் பாக்கல" என்றார்.

அக்கா என்று கூப்பிட்டேன் என்று எழுதிவிட்டேன். அதில் என் முன்யோசனையும் இருந்தது. ஆன்ட்டி என்று கூப்பிட்டால் உறவு எங்கேயும் போய்ச் சேராது. அம்மா என்று கூப்பிட்டால் கதையே முடிந்தது, மகள் தங்கச்சியாகிவிடுவாள். அக்கா என்றால் அக்கா மகள், கட்டிக்கொள்கிற முறை. இதையெல்லாம் யோசிக்காதவன் காதலிக்கத் தகுதியில்லாதவன் என்பது என் கருத்து.

கொரோனா சமயத்தில் ஊரே கபசுரக் குடிநீர்ப் பொடி கேட்டது. வந்த சரக்கு இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. நாள் முழுக்க ஆட்களுக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போய், என் கடைக்கு வந்தார்.

"தம்பி, பெரிய எழுத்துல ஒரு பேப்பர் அடிச்சுக் குடு. கபசுரக் குடிநீர்ப் பொடி நிறைந்திருக்கிறது, அப்படின்னு."

"அக்கா, வேணாங்க்கா. இருப்பு இல்லைன்னு அடிச்சுடறேன்."

"என் கடை வாசல்ல அந்த வார்த்தைய ஒட்டுவியா நீ?"

அவர் மகளைப் பெண் கேட்கப் போகிறவன் நான். அடித்துக் கொடுத்தேன். தெருவோடு போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தடித்த எழுத்தில், கீழே ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு எஸ்.ஐ. வந்து சேர்ந்தார்.

"நிறைஞ்சிருக்குன்னு எழுதி ஒட்டிக்கினு, யாருக்கும் குடுக்க மாட்டேன்றீங்களாமே? பதுக்கலாம்மா?"

பதில் ஒரே சொல்லில் இருந்தது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு டப்பாவாக இறக்கி, மூடியைத் திறந்து, கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். எஸ்.ஐ. ஏழெட்டு டப்பாவைப் பார்த்தார், தும்மினார்.

"எல்லாம் காலியா இருக்குதே. இல்லைன்னு எழுத வேண்டியதுதானே?"

"அதைத்தாங்க எழுதியிருக்குது."

நான் குறுக்கே போனேன். "சார், அவங்க பாஷையில அதுக்குக் காலின்னு அர்த்தம்."

"எந்தப் பாஷையில?"

"அவங்க பாஷையில சார். அவங்க ஒருத்தர்தான் பேசறாங்க."

எஸ்.ஐ. என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். போகும்போது அவர் கையிலும் ஒரு கற்கண்டு இருந்தது. அந்தப் பேப்பரைக் கிழித்துவிட்டு, 'நாளை வாருங்கள்' என்று வேறொன்று அடித்து ஒட்டினேன். அவர்கள் அத்தனை பேரும் மறுநாளும் வந்தார்கள்.

மகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் பி.ஃபார்ம் படித்துவிட்டு, பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு இங்கிலீஷ் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். "நான் ஒரு நாளைக்கு நூறு வாட்டி ஸ்டாக் இல்லைன்னு சொல்றேன். எங்க கடை இடிஞ்சா விழுந்திடுச்சு?" என்று அம்மாவைச் சீண்டுவாள். அப்போது அந்த அம்மா காதைப் பொத்திக்கொள்வார். மகளிடம் எனக்குப் பிடித்த முதல் விஷயமே அதுதான், எதையும் நேராகச் சொல்லிவிடுவாள். என்னைப் பிடித்திருக்கிறது என்றும் அவள்தான் முதலில் சொன்னாள், ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது. நான் பதற்றத்தில் பன்னிரண்டு பிரதி எடுத்துவிட்டேன்.

இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று ஒருநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் பூந்திக்கொட்டையில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க பொண்ணுக்கு இடம் பாக்கறீங்களாமே. எங்க வீட்ல வந்து கேட்டா, அதுக்கு வாய்ப்பு இருக்குதா?"

கை நின்றது. என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். எழுந்துபோய் உள்ளே ஒரு டப்பாவைத் திறந்து எதையோ எடுத்துவந்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினார். திரும்பவும் உட்கார்ந்து பூந்திக்கொட்டையை எடுத்துக்கொண்டார். நான் வெளியே வந்து கையை விரித்துப் பார்த்தேன். கற்கண்டு. ஊரில் யார் கேட்டாலும் அவருடைய பதிலை மொழிபெயர்த்துச் சொல்கிறவன் நான். எனக்கு வந்த பதிலை மட்டும் மொழிபெயர்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. வாலாஜாபாத்திலிருந்து அவர்களுடைய உறவில், அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம் காரில் பெண் பார்க்க வந்தது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாடிக்கையாளரும் இல்லாமல், காலியாக ஜெராக்ஸ் மிஷினை ஓடவிட்டு நான் நின்றிருந்தேன். அரைமணியில் அவர்கள் வெளியே வந்தார்கள். முகம் தொங்கிப் போயிருந்தது. ஒவ்வொருவர் வாயிலும் கற்கண்டு. அவர்கள் தெலுங்கு வீட்டு மனிதர்கள், நிறைஞ்சிருக்குது என்றதற்கு அர்த்தம் கேட்காமலே புரிந்துகொண்டு காரில் ஏறிவிட்டார்கள். ஒரு பக்கம் எனக்கு உயிர் வந்தது. இன்னொரு பக்கம், எனக்கும் அதே கற்கண்டுதானே என்று வந்த உயிர் திரும்பிப் போனது.

சாயங்காலம் மகளிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"உனக்கு எந்தக் கற்கண்டு குடுத்தாங்க? வெள்ளையா, பனங்கற்கண்டா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பழுப்பாகத்தான் இருந்தது. "பனங்கற்கண்டு."

"வெள்ளைன்னா இல்லைன்னு அர்த்தம். பனங்கற்கண்டுன்னா..." என்று இழுத்தாள்.

"சொல்லு."

"தெரியலப்பா. இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்லை."

அதற்குமேல் ஒரு வழிதான் இருந்தது. அப்பா, அம்மாவை அழைத்துவந்து முறையாகக் கேட்பது. எங்கள் வீடு தென்னேரியில், ஏரிக்குப் பக்கத்தில். அப்பா விவசாயி, அதைவிட முக்கியமாக முன்கோபி. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால், "அரிசி தீந்துபோச்சு" என்று ஏரிக்கரைவரை கேட்கிற மாதிரி கத்துவோம். சுற்றி வளைத்துப் பேசுவது அப்பாவுக்கு ஆகாது. வேறு சாதி, வேறு பாஷை என்று முதலில் இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர், அம்மா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்த ஒரு விதத்தில் வழிக்கு வந்தார். "ஒரு வாட்டிதான் வருவேன். ரெண்டாவது வாட்டி வந்து நிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னால் சொன்னதுதான், அவரை எனக்குத் தெரியும்.

மகள் எனக்கு ஒரு கட்டளை போட்டாள். "உங்க அப்பா கேக்கற கேள்வி 'இருக்குதா'ன்னு முடியக் கூடாது. அப்படிக் கேட்டா எங்க அம்மா வாயில தன்னால என்ன வரும்னு உனக்கே தெரியும். சம்மதமான்னு கேக்கச் சொல்லு. ஒரே வார்த்தை. சம்மதமா?"

நான் ஒரு வாரம் தென்னேரிக்குப் போய்ப் போய் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். வரப்பில், மாட்டுக் கொட்டகையில், சாப்பிடும்போது. "அப்பா, எப்படிக் கேப்ப?" "சம்மதமான்னு கேப்பேன். போடா." அம்மாகூடத் தூக்கத்தில் சம்மதமா என்று முனகினாராம்.

அந்த நாள் வந்தது. அப்பா வெள்ளைச் சட்டையும் புதுத் துண்டுமாக, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். கடைக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. பாய் விரித்து, தட்டில் பழம் வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைக்காரம்மா அன்றைக்கு ஒரு மாதிரி பதற்றமாக இருந்தார். உட்கார்ந்த இடத்தில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். இங்கேதான் அவருக்கு மரியாதை வந்து தொலைத்தது. சம்மதமா என்று மொட்டையாகக் கேட்டால் அதிகாரமாக இருக்கும் என்று தோன்றிவிட்டதாம், பிறகு சொன்னார்.

"எங்க பையனுக்கு உங்க பொண்ணக் குடுக்கறதுல, உங்களுக்கு ஆட்சேபணை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மகள் அடுக்களை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவின் வாய் முந்திக்கொண்டது.

"நிறைஞ்சிருக்குதுங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏய், எழுந்திரு. நிறைய இருக்குதாம்."

"அப்பா, அதுக்கு அர்த்தம் வேற..."

"எனக்கா அர்த்தம் சொல்லித் தர்ற? மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க, இதுக்கு மேல இன்னாடா?"

கடை வழியாகப் பாய்ந்து வெளியே போனார். அம்மா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். அப்பா உதைத்துக் கிளப்பிய வண்டியின் முன்னால் நான் போய் நின்றேன். அப்பா என்னைச் சுற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். ஒரு வாட்டிதான் வருவேன் என்றவர், இந்த முனையைத் தாண்டினால் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இல்லை! இல்லைங்க! இல்லவே இல்லை!"

கடைக்காரம்மா வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றிருந்தார். தெரு அப்படியே நின்றது. எதிர்ப் பட்டுக் கடைப் பையன்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பூக்காரம்மா கட்டின பூவை மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்றார். கோரோசனைக்காக வந்திருந்த டிராயிங் மாஸ்டர், நீட்டின கையை நீட்டியபடியே, "என்னம்மா ஆச்சு? கடைய மூடறீங்களா?" என்று கேட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எனக்கும்தான். எனக்காக அந்த மனுஷி தன் வாயைக் கட்டியிருந்த கட்டையே அவிழ்த்துவிட்டார் என்று நினைத்தபோது, காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் அப்பாவுக்கு அது வேறு விதமாகக் கேட்டது.

"பாத்தியா?" என்றார் அம்மாவிடம். "உள்ள சொன்னது பத்தாதுன்னு, பொண்ணு இல்லைன்னு தெருவுல வேற வந்து கத்தறாங்க." ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

இனி அந்த அம்மாவிடம் எந்தச் சொல் மிச்சமிருக்கிறது? நிறைஞ்சிருக்குது என்றாலும் இவருக்குக் கிடையாது என்று அர்த்தம், இல்லை என்றாலும் கிடையாது என்று அர்த்தம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விறுவிறுவென்று நடந்துவந்தார். வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்து, உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"சம்மந்தி," என்றார், "எறங்குங்க. சம்மந்தி வீட்டுக்கு வந்துட்டு, காப்பி சாப்பிடாம போறதா?"

அப்பா அவரைப் பார்த்தார். இடுப்பில் செருகின சாவியைப் பார்த்தார். சம்மந்தியா என்று வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அம்மா முதுகில் ஒரு குத்து விட்டார். அப்பா மெதுவாக இறங்கி, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சக்கரை கம்மியா போடச் சொல்லுங்க, சம்மந்திம்மா" என்றார்.